எல்.வி.என் முதல் ஆர்.என் வரை: கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் வழி, படிப்படியாக

கலிபோர்னியாவில் எல்.வி.என் (லைசென்ஸ்டு வொகேஷனல் நர்ஸ்) உரிமத்தோடு நர்சிங் ஹோமிலோ கிளினிக்கிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஆர்.என் (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) ஆக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெக்சாஸிலும் எல்.வி.என் என்ற பெயர்தான்; மற்ற மாநிலங்களில் எல்.பி.என் என்பார்கள். அங்கெல்லாம் விதிகள் வேறு, அதனால் இங்கே கலிபோர்னியா மட்டும்.

நான் இந்த வழியில் போய் முடித்தவள். அப்புறம் கூட வேலை பார்த்த பலருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். பாடத்தில் தோற்று நின்றவர்கள் குறைவு. செய்ய வேண்டியதையெல்லாம் செய்து, வரிசையை மட்டும் மாற்றிச் செய்து ஒன்றிரண்டு வருடத்தைத் தொலைத்தவர்கள்தான் அதிகம். ஆகவே எண்ணிட்ட வரிசையிலேயே படியுங்கள்.

## 1. ஊரில் நர்சிங் படித்தவரா? அப்படியானால் இங்கேயே நில்லுங்கள்

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ ஜி.என்.எம் அல்லது பி.எஸ்சி நர்சிங் முடித்துவிட்டு, இங்கே வந்து எல்.வி.என் எடுத்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் என்றால் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் போர்டு ஆஃப் ரெஜிஸ்டர்ட் நர்சிங்குக்கு (இனி பி.ஆர்.என்) வெளிநாட்டில் படித்த நர்ஸ் என்ற முறையில் விண்ணப்பித்துப் பாருங்கள்.

காரணம் இதுதான்: உங்கள் படிப்பில் எதுவும் குறையில்லை என்று பி.ஆர்.என் ஏற்றுக்கொண்டால் நேரே ஆர்.என் உரிமத் தேர்வு எழுதலாம். குறை இருந்தால், எந்தப் பாடம் என்று எழுத்தில் சொல்வார்கள். குழந்தைகள் நலம், மனநலம் போன்ற பிரிவுகளில் வகுப்பும் கிளினிக்கலும் (நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி) ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்பது இங்கே விதி. பலருடைய கோப்பு நிற்பது அந்த இடத்தில்தான். ஒன்றிரண்டு பாடத்தை மட்டும் திரும்பப் படிப்பது, முழுப் படிப்பை மறுபடி படிப்பதைவிட எவ்வளவோ மேல்.

மற்றவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

## 2. எந்தக் கதவு என்று முடிவு செய்யுங்கள்

கலிபோர்னியாவில் எல்.வி.என்-க்கு மூன்று கதவு உண்டு.

முதலாவது, கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என் (நர்சிங்கில் அசோசியேட் டிகிரி) பட்டம். எல்.வி.என் என்பதால் முதல் வருடத்தின் பெரும்பகுதியைக் கழித்துக்கொண்டு, ஒரு டிரான்சிஷன் பாடம் கொடுத்து, பெரும்பாலும் மூன்றாம் செமஸ்டரில் சேர்த்துக்கொள்வார்கள். இந்தக் கட்டுரை இந்த வழியைப் பற்றியது.

இரண்டாவது, 30 யூனிட் வழி (யூனிட் என்பது பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு). எல்.வி.என்-இடம் 30 செமஸ்டர் யூனிட் (குவார்ட்டர் கணக்கில் 45) பாடத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது இதன் விதி. ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி, அப்புறம் மேல்நிலை நர்சிங் பாடங்கள், அவ்வளவுதான். கிடைப்பது ஆர்.என் உரிமம்தான், ஆனால் பட்டம் கிடையாது. வேறு மாநிலம் போனால் அந்த உரிமத்தை ஏற்காமல் போகலாம். தேர்வு எழுதி உரிமம் வாங்கிய பிறகு, பின்னாளில் பட்டம் பெற்றாலும் பி.ஆர்.என் பதிவில் அந்த நிலை மாறாது. கணவருக்கோ மனைவிக்கோ நாளைக்கு ஆஸ்டினிலோ சியாட்டிலிலோ வேலை மாறக்கூடிய குடும்பம் என்றால் இந்தக் கதவைத் தொடாதீர்கள். வெளிமாநில உரிமங்களைப் பொதுவாக ஏற்கும் ஒப்பந்தத்திலும் கலிபோர்னியா இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, நேரடியாக பி.எஸ்என் (நர்சிங் இளநிலைப் பட்டம்). தனியார் கல்லூரிகளில் செலவு பல மடங்கு. அங்கே போவது தவறில்லை. கடன் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.

நான்காவதாக ஒரு கதவும் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் வரும்: "கிளினிக்கல் இல்லாமல், ஆறு மாதத்தில் ஆர்.என்". 2023 ஜனவரியில் ஆபரேஷன் நைட்டிங்கேல் என்ற பெயரில் அமெரிக்க அரசு அம்பலப்படுத்தியது இதைத்தான். ஃபுளோரிடாவில் இருந்த மூன்று பள்ளிகளின் பெயரில் 7,600-க்கு மேற்பட்ட போலி டிப்ளமோக்கள் விற்கப்பட்டிருந்தன. அதை வாங்கியவர்களின் உரிமங்களைப் பல மாநிலங்கள் பறித்தன. பி.ஆர்.என் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லையென்றால் பேச்சே வேண்டாம்.

## 3. கல்லூரி முதலில், பாடம் பிறகு

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு, வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் எந்தப் பாடத்தில் இடம் காலியோ அதில் சேர்ந்துவிடுவது. நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் நர்சிங் துறை அந்தப் பாடத்தை ஏற்குமா என்பது அப்புறம்தான் தெரியவரும்.

மூன்று கல்லூரிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் நர்சிங் பக்கத்திலும் "எல்.வி.என் டு ஆர்.என்" அல்லது "அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்" என்ற பகுதியைத் தேடி அச்செடுத்து வையுங்கள். பொதுவான ஏ.டி.என் பக்கத்தைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள், எல்.வி.என்-க்கு விதிகள் வேறாக இருக்கும்.

அச்செடுத்த தாளில் இவற்றைக் கோடிட்டு வையுங்கள்: அறிவியல் பாடங்களுக்குக் காலாவதி உண்டா (சிலவற்றில் 5 வருடம், சிலவற்றில் 7, சிலவற்றில் கிடையவே கிடையாது), எல்.வி.என்-ஆக எத்தனை மாத அனுபவம் கேட்கிறார்கள், ஐ.வி. (ரத்தநாளம் வழியாக மருந்து ஏற்றும்) சான்றிதழ் கட்டாயமா, ஓடிக்கொண்டிருக்கும் பாடத்தோடு விண்ணப்பிக்கலாமா அல்லது எல்லாம் முடிந்திருக்க வேண்டுமா, எல்.வி.என்-க்கு எனத் தனி வகுப்பா அல்லது யாராவது விலகினால்தான் இடமா. கடைசிக் கேள்விக்கு "இடம் இருந்தால்" என்று பதில் வந்தால், அந்தக் கல்லூரியை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

அஸிஸ்ட் இணையதளத்தில் பார்த்துவிட்டு "இந்தப் பாடம் செல்லும்" என்று நம்பி வருபவர்கள் உண்டு. அஸிஸ்ட் காட்டுவது கம்யூனிட்டி காலேஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு எது செல்லும் என்பதை. ஒரு கம்யூனிட்டி காலேஜ் பாடம் இன்னொரு கம்யூனிட்டி காலேஜில் செல்லுமா என்று அதில் தெரியாது. அதை நர்சிங் துறை கவுன்சிலரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதை அடுத்த கவுன்சிலர் மதிக்க மாட்டார்.

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. டி அன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகள் இரண்டும் குவார்ட்டர் முறை. சுற்றியுள்ள மற்றவை பெரும்பாலும் செமஸ்டர் முறை. குவார்ட்டர் கல்லூரிகளில் அனாட்டமியும் ஃபிசியாலஜியும் கலந்து பயாலஜி 40ஏ, 40பி, 40சி என்று மூன்று துண்டாக வரும். 40ஏ-வை முடித்துவிட்டு செமஸ்டர் கல்லூரிக்கு மாறினால் கையில் அனாட்டமியும் முழுசாக இருக்காது, ஃபிசியாலஜியும் இருக்காது. தொடங்கினால் மூன்றையும் அங்கேயே முடியுங்கள்.

## 4. பெயரையும் காகிதங்களையும் சரிசெய்யுங்கள்

இதை யாரும் நான்காவது படியாக வைப்பதில்லை. தேர்வு மையத்து வாசலில் நிற்கும்போதுதான் ஞாபகம் வரும்.

நம் ஆட்களுக்குப் பெயர் ஒரு பெரிய சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்ததால் விசாவில் முதற்பெயருக்குப் பதில் "எஃப்.என்.யு" (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் அப்பா பெயர், கல்யாணத்துக்குப் பிறகு டிரைவிங் லைசென்ஸில் கணவர் பெயர். எல்.வி.என் உரிமம் இதில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்.

கல்லூரிப் பதிவு, எல்.வி.என் உரிமம், பி.ஆர்.என் விண்ணப்பம், தேர்வு நாளில் காட்டும் அடையாள அட்டை ஆகிய நான்கிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். எழுத்து மாறினால் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள், கட்டணமும் போய்விடும். மாற்றுவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால்தான் இப்போதே என்கிறேன்.

ஊர்ப் பட்டம் இருந்தால் நேசஸ் (வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்களின் சங்கம்) அமைப்பில் உறுப்பினரான நிறுவனம் ஒன்றிடம் மதிப்பீட்டுக்குக் கொடுங்கள். பாடவாரியாக மதிப்பிட்ட அறிக்கையாக இருக்கட்டும். பட்டத்தை மட்டும் மதிப்பிட்ட அறிக்கையால் இங்கே அதிகப் பயனில்லை. ஊர்ப் பட்டத்தைக் காட்டிப் பொதுப் பாடங்கள் சிலவற்றைக் கழித்துக்கொள்ள முடியும். ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தையும் அறிவியல் பாடங்களையும் பெரும்பாலான நர்சிங் துறைகள் இங்கேயே படிக்கச் சொல்லும். அதற்காக மனம் நொந்துகொள்ள வேண்டாம். அது எல்லோருக்கும் உள்ள விதி.

கலிபோர்னியாவில் வசிப்பவர் என்று கல்லூரி ஏற்றுக்கொண்டால் யூனிட்டுக்கு 46 டாலர். ஏற்காவிட்டால் பல மடங்கு. செமஸ்டர் தொடங்கும் முன் ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே வசித்ததற்கான தாள்களை எடுத்து வையுங்கள்.

## 5. அறிவியல் பாடங்கள்: கடைசியிலிருந்து எண்ணுங்கள்

இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

லேபோடு கூடிய அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றும் வேண்டும். ஆனால் இவை மூன்று பாடம் மட்டுமில்லை. பல கல்லூரிகளில் மைக்ரோவுக்கு முன் கெமிஸ்ட்ரி கேட்பார்கள். சிலவற்றில் அனாட்டமிக்கு முன் ஒரு பொது பயாலஜி. அனாட்டமி முடித்தால்தான் ஃபிசியாலஜி. உறுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அது எப்படி வேலை செய்கிறது என்று படிக்க முடியாது, அதனால் இந்த வரிசை நியாயமானதுதான். ஆக இது மூன்று, நான்கு செமஸ்டர் நீளும் ஒரு சங்கிலி.

விண்ணப்பம் 2028 பிப்ரவரியில் என்று வைத்துக்கொள்வோம். ஓடும் பாடத்தை ஏற்காத கல்லூரி என்றால் 2027 டிசம்பருக்குள் மைக்ரோ முடிந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய வசந்த செமஸ்டரில் ஃபிசியாலஜி. அதற்கும் முன் 2026 இலையுதிர் செமஸ்டரில் அனாட்டமி. கெமிஸ்ட்ரி அதற்கு முன்னாலோ, இடையில் வரும் கோடையிலோ. இப்படிப் பின்னாலிருந்து எண்ணினால்தான் ஒரு செமஸ்டர் தவறினால் ஒரு வருடமே போகும் என்பது கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் எல்.வி.என் சேர்க்கை பொதுவாக வருடத்துக்கு ஒரு முறைதான்.

காலாவதி விதி உள்ள கல்லூரி என்றால் ஆங்கிலம், சைக்காலஜி போன்றவற்றை முதலில் முடித்துவிட்டு, அறிவியலைக் கடைசியில் ஒரே மூச்சில் முடியுங்கள். நான் நேர்மாறாகச் செய்தேன். ஆர்வக்கோளாறில் அனாட்டமியை முதலில் எடுத்தேன், அப்புறம் மகன் பிறந்தான், படிப்பு நின்றது. திரும்பி வந்தபோது அந்த அனாட்டமிக்கு வயதாகிவிட்டது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஏ வாங்கிய பாடத்தை மறுபடி படித்தேன்.

இரண்டு லேப் பாடங்களை ஒரே செமஸ்டரில் முழுநேர வேலையோடு எடுக்காதீர்கள். இரண்டிலும் சி வரும். கம்யூனிட்டி காலேஜ்கள் சேர்க்கைக்குப் புள்ளி போடும்போது அறிவியல் மதிப்பெண்ணையும், அந்தப் பாடங்களை எத்தனை முறை திரும்ப எடுத்தீர்கள் என்பதையும் பார்ப்பது வழக்கம். 2.5 ஜி.பி.ஏ (மதிப்பெண் சராசரி) என்று போட்டிருப்பது வாசற்படி மட்டும். உள்ளே இடம் கிடைப்பவர்கள் அதைவிட மேலே இருப்பார்கள்.

பாடம் கைமீறிப் போகிறது என்று மூன்றாவது வாரத்திலேயே தெரிந்தால் தயங்காதீர்கள். டபிள்யூ (பாதியில் விலகியதற்கான குறி) பதிவாகாமல் விலகுவதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. கல்லூரி நாள்காட்டியில் இருக்கும். அதற்குள் விலகினால் தடயமே இருக்காது. அதைத் தாண்டினால் டபிள்யூ விழும், அதையும் ஒரு முயற்சியாக எண்ணும் கல்லூரிகள் உண்டு. ஆறு வாரக் கோடை அனாட்டமியும் வேண்டாம். வாரத்துக்கு மூன்று வாரப் பாடம் வந்து விழும்.

லேப் தேர்வு பற்றி ஒன்று. மேசைக்கு மேசை எலும்பிலோ மாடலிலோ குறியிட்டு வைத்திருப்பார்கள். ஒரு மேசையில் ஒரு நிமிடம் நின்று பெயரை எழுத வேண்டும். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் போகும். தமிழில் "இலியம்" என்று எழுதினால் ஒன்றுதான். ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்து ஈ என்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, ஐ என்றால் இடுப்பெலும்பு. காதால் கேட்டு மனப்பாடம் செய்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். பெயர்களைக் கையால் எழுதிப் பழகுங்கள்.

## 6. பொதுப் பாடங்கள்

ஆங்கிலக் கட்டுரை, பேச்சுத்தொடர்பு, பொது சைக்காலஜி, மனித வளர்ச்சி, சோஷியாலஜி அல்லது கல்ச்சுரல் ஆந்த்ரபாலஜி. இவை ஆன்லைனில் கிடைக்கும், ஷிப்ட் முடிந்து வந்து படிக்கலாம்.

கணக்குக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுங்கள். ஏ.டி.என்-க்கு வேறு கணக்குப் பாடம் போதுமென்று சொன்னாலும், பின்னால் பி.எஸ்என் போகும்போது ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான் கேட்பார்கள். இருமுறை கணக்குப் படிக்க யாருக்கு ஆசை?

## 7. டீஸ் தேர்வு

கம்யூனிட்டி காலேஜ்களில் சேருமுன் பொதுவாகக் கேட்பது ஏ.டி.ஐ நிறுவனத்தின் டீஸ் தேர்வு. எல்.வி.என்-க்கு இதற்குப் பதில் வேறு தேர்வு வைக்கும் கல்லூரியும் உண்டு, அச்செடுத்த தாளைப் பாருங்கள். டீஸில் மொத்தம் 170 கேள்வி, 209 நிமிடம்: வாசிப்பு 45, கணக்கு 38, அறிவியல் 50, ஆங்கில மொழி 37. கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் தேர்ச்சி எல்லை 62 சதவீதம்.

62 வாங்கினால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். புள்ளி முறையில் இடம் கொடுக்கும் கல்லூரியில் 80-க்கு மேல் இருந்தால்தான் மூச்சு விடலாம் என்பது என் அனுபவம்.

"சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்" என்று போகாதீர்கள். முதல் முறை எழுதியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் கல்லூரிகள் இருக்கின்றன. வீட்டில் கடிகாரம் வைத்து முழு மாதிரித் தேர்வு குறைந்தது இரண்டு எழுதிய பிறகு போங்கள். எழுத வேண்டிய சரியான காலம் ஃபிசியாலஜி முடிந்த அடுத்த மாதம், ஏனென்றால் அறிவியல் பகுதியில் மற்ற எதையும்விட அதிகக் கேள்வி உடலமைப்பும் அதன் இயக்கமும் பற்றியது, அப்போதுதான் அது மனதில் இருக்கும். தவறான விடைக்குக் கழிப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள்.

## 8. விண்ணப்பம்

எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் அதிகாரப்பூர்வ டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். எல்.வி.என் படித்த பள்ளியையும் சேர்த்துத்தான். தனியார் எல்.வி.என் பள்ளி மூடப்பட்டிருந்தால் தாளைத் தேடி எடுக்கவே இரண்டு மாதம் ஆகலாம். கடைசி நாளுக்கு ஆறு வாரம் முன்பே எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள்.

வேலை அனுபவக் கடிதத்தில் பதவி, தொடங்கிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற மூன்றும் இருக்கட்டும். "எங்களிடம் நன்றாக வேலை பார்த்தார்" என்ற கடிதத்தைத் திருப்பி அனுப்புவார்கள்.

எல்.வி.என் உரிமம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, 30 மணி நேரத் தொடர்கல்வியோடு புதுப்பிக்க வேண்டியது. படிப்பின் நடுவில் அது காலாவதியானால் நீங்கள் சேர்ந்த தகுதியே போய்விடும். புதுப்பிக்கும் தேதியை இப்போதே போனில் போட்டு வையுங்கள்.

## 9. இடம் கிடைத்ததும் வரும் மருத்துவத் தாள்கள்

இடம் கிடைத்த கடிதத்தோடு ஒரு பட்டியல் வரும். தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருப்பதற்கான டைட்டர் முடிவு, காசநோய்ப் பரிசோதனை, பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, பி.எல்.எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை.

காசநோய்ப் பரிசோதனையில் நம்மவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவுடன் பி.சி.ஜி ஊசி போட்டிருப்பார்கள்; இடது தோளில் தழும்பு இருக்கும். அதனால் தோலில் குத்தும் பரிசோதனை நோய் இல்லாமலே வீங்கிப் பாசிட்டிவ் காட்டலாம். தங்கை மாதிரிப் பழகும் ஒரு பெண் கிளினிக்கல் தொடங்க எட்டு நாள் இருக்கும்போது கை வீங்கிப்போய் அழுதுகொண்டே போன் செய்தாள், "அக்கா, என்னை எடுத்துவிடுவார்களா?" என்று. குவான்டிஃபெரான் என்ற ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி பாதிக்காது. முதலிலேயே அதைக் கேளுங்கள். அதுவும் பாசிட்டிவ் என்றால் மார்பு எக்ஸ்ரேயும் மருத்துவர் கடிதமும் வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.

ஹெபடைடிஸ் டைட்டர் குறைவாக இருந்தால் ஊசித் தொடரை மறுபடி போடச் சொல்வார்கள். வழக்கமான தொடர் ஆறு மாதம் ஓடும். எனவே டைட்டரை இடம் கிடைக்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். பி.எல்.எஸ் அட்டை அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனுடையதாக, நேரில் செய்து காட்டிப் பெற்றதாக இருக்கட்டும். முழுக்க ஆன்லைனில் வாங்கியது செல்லாது.

## 10. வேலை நேரமும் பணமும்

நர்சிங் பாடங்கள் தொடங்கிய பிறகு முழுநேர வேலை சாத்தியமில்லை. வாரத்தில் இரண்டு நாள் கிளினிக்கல், அதற்கு முந்தைய நாள் தயாரிப்பு, அப்புறம் வகுப்பு. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேரே கிளினிக்கல் போவதை மட்டும் செய்யாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் மருந்து தவறினால் அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள்.

வார இறுதி அல்லது பெர் டியம் (தேவைப்படும் நாளுக்கு மட்டும்) ஷிப்டுக்கு மாறுவதை, இடம் கிடைத்த அன்றே மேலாளரிடம் பேசுங்கள். படிப்புச் செலவைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பலர் பாடம் முடிந்த பிறகு கேட்டு ஏமாந்திருக்கிறார்கள். பெரும்பாலும் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

குடும்ப வருமானம் குறைவென்றால் கலிபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் யூனிட் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும். சீருடை, புத்தகம், ஏ.டி.ஐ கட்டணம் எல்லாம் தனி.

## 11. டிரான்சிஷன் பாடம்: பழைய கையை மறக்க வேண்டிய இடம்

பத்து வருட அனுபவமுள்ள எல்.வி.என்-கள் இந்தப் பாடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். திறமைக் குறைவு காரணமில்லை. வேலையில் கற்ற குறுக்குவழிகள்தான் காரணம். கதீட்டர் போடும் சோதனையில் ஸ்டெரைல் கையுறை போட்ட கை இடுப்புக்குக் கீழே போனால் தோல்வி. "நாங்கள் வார்டில் இப்படித்தான் போடுவோம்" என்ற பேச்சு எடுபடாது.

அப்புறம் மருந்துக் கணக்குத் தேர்வு. 90 அல்லது அதற்கு மேல் கேட்பார்கள். இரண்டு மூன்று முறை தவறினால் வகுப்பிலிருந்தே விலக்கும் கல்லூரிகள் உண்டு. ஒரு கணக்கைப் பாருங்கள். ஹெபரின், கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட். நோயாளி 154 பவுண்ட். பையில் 250 மில்லியில் 25,000 யூனிட். பம்பில் என்ன வேகம்?

154-ஐ 2.2-ஆல் வகுத்தால் 70 கிலோ. 70 பெருக்கல் 18 = மணிக்கு 1,260 யூனிட். ஒரு மில்லியில் 100 யூனிட் இருப்பதால் மணிக்கு 12.6 மில்லி. அவசரத்தில் பவுண்டைக் கிலோவாக மாற்ற மறந்தால் 27.7 வரும். ரத்தம் உறையாமல் செய்யும் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் முதல் வரியிலேயே எடையை கிலோவில் எழுதிவிட்டு மேலே போகும் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது, மதிப்பீடு. நர்சிங் ஹோமில் எல்.வி.என் சார்ஜ் நர்ஸாக முப்பது பேரைக் கவனிப்பார். ஆனாலும் சட்டப்படி அவர் செய்வது தகவல் சேகரிப்பு. அந்தத் தகவலுக்கு என்ன அர்த்தம், முதலில் எதைச் செய்வது, திட்டத்தை எப்போது மாற்றுவது என்று முடிவெடுப்பது ஆர்.என். கேர் பிளான் எழுதச் சொன்னால் "மருத்துவருக்குத் தெரிவிக்கவும்" என்று பக்கம் பக்கமாக எழுதித் திரும்பப் பெற்றவர்களில் நானும் ஒருத்தி. ஓரத்தில் ஆசிரியை சிவப்பில் எழுதியிருந்தார்: "சரி, போன் எடுப்பதற்கு முன் நீ என்ன செய்தாய்?"

## 12. பி.ஆர்.என்னும் என்சிலெக்ஸும்

எல்.வி.என் போர்டும் பி.ஆர்.என்னும் வெவ்வேறு அலுவலகங்கள். எல்.வி.என் வாங்கும்போது கொடுத்த கைரேகை இங்கே வராது. லைவ் ஸ்கேன் என்ற கைரேகைப் பதிவை மறுபடி கொடுக்க வேண்டும். இது தெரியாமல் காத்திருந்தவர்களின் கோப்பு அப்படியே கிடக்கும். விண்ணப்பம் பிரீஸ் இணையதளத்தில். கடைசி செமஸ்டரிலேயே கணக்கைத் திறந்து வையுங்கள்.

தனியாக, தேர்வு நடத்தும் நிறுவனமான பியர்சன் வியூவில் 200 டாலர் கட்டி, என்சிலெக்ஸ்-ஆர்.என் என்ற உரிமத் தேர்வுக்குப் பதிய வேண்டும். எல்.வி.என்-ஆக நீங்கள் எழுதியது பி.என் தேர்வு. பதியும்போது தவறிப்போய் அதையே தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், அப்படியும் நடந்திருக்கிறது.

தேர்வு 85-இலிருந்து 150 கேள்வி, அதிகபட்சம் ஐந்து மணி நேரம். 2023 ஏப்ரலிலிருந்து புதிய வடிவம்; மூன்று கேஸ் ஸ்டடி, ஒவ்வொன்றிலும் ஆறு கேள்வி. 85-இல் கணினி நின்றால் தேர்ச்சி என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தேர்ச்சியிலும் நிற்கும், தோல்வியிலும் நிற்கும். தவறினால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

எல்.வி.என்-கள் தவறவிடும் கேள்வி எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். இடுப்பு அறுவைசிகிச்சை முடிந்து ஒரு நாள் ஆன நோயாளி திடீரென்று நிலைகொள்ளாமல் தவிக்கிறார், மூச்சு வேகமாக இருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்: வலி மருந்து கொடுப்பது, மருத்துவரை அழைப்பது, ஆக்சிஜன் அளவு பார்ப்பது, குடும்பத்தாரை அருகில் உட்கார வைப்பது?

அனுபவம் "வலியாக இருக்கும், மருந்து கொடு" என்னும், இல்லாவிட்டால் "மேலே சொல்லிவிடு" என்னும். விடை ஆக்சிஜன் அளவு. தவிப்பு என்பது உடலில் ஆக்சிஜன் குறைவதன் ஆரம்ப அடையாளம். நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போயிருக்கலாம். மதிப்பிட்ட பிறகுதான் போன். மூச்சுக்கு ஆபத்து என்று ஏற்கெனவே கேள்வியிலேயே தெளிவாகத் தெரிந்தால் மட்டும் நேரே செயலுக்குப் போங்கள்.

வேலை ஒப்படைக்கும் கேள்விகளிலும் இதே சிக்கல். புதிதாக வார்டுக்கு வந்த நோயாளியின் முதல் மதிப்பீடு, முதல் முறை கற்றுக்கொடுப்பது, சிகிச்சை பலன் தந்ததா என்று தீர்மானிப்பது, இவற்றை எல்.வி.என்-இடம் கொடுக்கக்கூடாது. நிலையாக இருக்கும், அடுத்து என்ன என்று ஊகிக்கக்கூடிய நோயாளியைக் கொடுக்கலாம். "நானே இதையெல்லாம் செய்கிறேனே" என்று மனம் சொல்லும். உங்கள் வேலையிடத்தைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுத் தேர்வு எழுதுங்கள்.

## 13. உரிம எண் வந்த பிறகு

பி.ஆர்.என் தளத்தில் உங்கள் பெயருக்கு நேரே எண் வந்ததும் அதை அச்செடுத்து ஹெச்.ஆரிடம் கொடுத்து, பதவியும் சம்பளமும் எப்போதிலிருந்து மாறும் என்று எழுத்தில் கேளுங்கள். "ஆர்.என் இடம் காலியாகும்வரை எல்.வி.என்-ஆகவே இரு" என்று சில இடங்களில் சொல்வார்கள். யோசித்துச் சம்மதியுங்கள்: ஏதாவது தவறு நடந்தால் ஆர்.என் என்ற அளவுகோலால்தான் உங்களை அளப்பார்கள், சம்பளம் மட்டும் பழையது.

மருத்துவமனைகளின் புது பட்டதாரிப் பயிற்சித் திட்டங்களில் ஆர்.என் அனுபவம் ஒரு வருடத்துக்குக் கீழே இருப்பவர்களைத்தான் பொதுவாக எடுப்பார்கள். எல்.வி.என் வருடங்கள் அதில் சேராது, அதனால் நீங்களும் புதியவர்தான். பழைய இடத்திலேயே ஆர்.என்-ஆக ஒன்றரை வருடம் இருந்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போகலாம் என்று நினைத்தால், அந்தச் சன்னல் அதற்குள் மூடியிருக்கும். விண்ணப்பங்களைக் கடைசி செமஸ்டரின் நடுவிலேயே, என்சிலெக்ஸ் தேதிக்குக் காத்திராமல் அனுப்பத் தொடங்குங்கள்.